மேய்ந்த கல்

போனக்காட்டில் பிறந்தவள் என்று சொன்னால் முதல் கேள்வி பேய் பங்களாவைப் பற்றியதாகத்தான் இருக்கும். யூடியூப்காரர்கள் வந்துபோன பிறகு அந்தப் பாழடைந்த துரை பங்களாவுக்குக் கிடைத்த புகழ் எங்கள் ஊரில் வேறெதற்கும் கிடைக்கவில்லை. அடுத்த கேள்வி அகத்தியர்கூட மலையேற்றம். பாஸ் எப்போது கொடுப்பார்கள், அட்டை கடிக்குமா, முழங்கால் தாங்குமா? ஓடைத் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்டதில்லை. திருவனந்தபுரத்துக்காரர்கள்கூடக் கேட்டதில்லை, அவர்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் கொட்டுவது எங்கள் ஓடைகள் சேர்ந்த தண்ணீர் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

நெடுமங்காடு, விதுரை தாண்டி, வனத்துறைச் சோதனைச்சாவடியும் தாண்டி, அரசுப் பேருந்து முக்கி முனகி ஏறி நிற்கிற இடம் போனக்காடு. அதற்கு மேல் தேயிலை, தேயிலைக்கு மேல் காடு, காட்டுக்கு மேல் பாறை. 1717 மீட்டர் உயரச் செம்முஞ்சி மொட்டையின் சரிவுகளில் பிறக்கும் ஓடைகள் ஒன்றில் ஒன்று விழுந்து கரமனை ஆறாகின்றன. 1983-ல் கட்டிய பேப்பாறை அணையில் கொஞ்சம் நின்று, கீழே அருவிக்கரையில் மறுபடி நின்று, தலைநகரத்துக் குழாய்களுக்குப் போனது போக மிச்சம் கோவளத்துக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது. ஆற்றின் மொத்த நீளமே சுமார் 68 கிலோமீட்டர்தான். பிறந்து கடலில் விழுவதற்குள் ஒரே மாவட்டம்.

என் அம்மா அந்தத் தேயிலையில் கொழுந்து கிள்ளியவர். அப்பா முதலில் கவாத்து வேலை, பிறகு பேக்டரி. இரண்டு பேரின் பூர்வீகமும் திருநெல்வேலிப் பக்கம், பேச்சும் அப்படியே. நான் லயத்தில் பிறந்தேன். வரிசை வீடு, ஒரு அறை, ஒரு அடுப்படி. விதுரையில் பள்ளிக்கூடம், பிறகு கல்லூரியில் தாவரவியல். பட்டமேற்படிப்பு முடித்ததும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. மலை ஓடைகளில் பாசி எவ்வளவு வளர்கிறது, அது எவ்வளவு உணவை உண்டாக்குகிறது என்று அளக்கும் திட்டம். இடங்களைத் தேர்ந்தெடுத்தபோது எங்கள் ஓடையும் பட்டியலில் வந்துவிட்டது. அந்த ஊரில் பிறந்தவள் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஓடைக்கு வழி தெரியாமல் எல்லோரும் நின்றபோது நான் முன்னால் நடந்தேன், அப்படித்தான் தெரிந்தது.

வேலை எளிமையானது, கேட்பதற்குக் கொஞ்சம் கேலியானதும்கூட. ஓடைக்குள் இறங்கிக் கல்லை எடுத்து, அதன் மேற்பரப்பைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வருகிற குழம்பைப் புட்டியில் பிடிக்க வேண்டும். அதைக் கண்ணாடி இழை வடிதாளில் வடிகட்டி, அசிட்டோனில் ஊறவைத்து, இருட்டில் குளிரில் ஓர் இரவு வைத்தால் பச்சையம் கரைந்து வந்துவிடும். மறுநாள் நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தால், ஒரு சதுர மீட்டர் கல்லில் எத்தனை மில்லிகிராம் பச்சையம் என்று கணக்குப் போடலாம். முதல் நாள் அம்மா கரையில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, எம்.எஸ்ஸி. படிச்சது கல்லுக்குப் பல்லு வெளக்கவா?”

என்னுடன் வந்திருந்த பேராசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா அவரை முதல் நாளிலிருந்தே டீச்சர் என்று கூப்பிட்டார்; நாங்கள் மேடம் என்போம்.

கல்லில் இருப்பதை எல்லோரும் பாசி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வழுக்கி விழுந்தவர்கள் வேறு பெயரும் சொல்வார்கள். நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால் அது ஒரு ஊர். டயட்டம்கள், நீலப்பச்சைப் பாசிகள், பச்சைப் பாசி இழைகள், பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் தாங்களே சுரந்த ஒரு கோழைக்குள் குடியிருக்கின்றன. நிழலும் குளிர்ச்சியும் உள்ள மேட்டு ஓடைகளில் சிவப்புப் பாசி வகைகள்கூட உண்டு. கடலில் மட்டும்தான் சிவப்புப் பாசி என்று படித்தவர்களுக்கு அது ஆச்சரியம். எங்கள் ஓடையில் ஆட்சி டயட்டம்களுடையது. ஒவ்வொன்றும் ஒரே ஓர் உயிரணு; சிலிக்காவால் ஆன ஓடு, அந்த ஓட்டில் நுண்ணிய கோடும் துளையுமாகச் செதுக்கு வேலை. பச்சையத்தை மறைக்கிற ஒரு பழுப்பு நிறமி அவற்றில் இருப்பதால், டயட்டம் படிந்த கல் பச்சையாகத் தெரியாது. தேன்பழுப்பாக, ஈரமான தோல் போல இருக்கும். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு டயட்டம்களுடையது என்பது கணக்கு. பாறையில் ஒட்டி நிற்கும் இன்னொன்றையும் எங்கள் ஊரில் பாசி என்றே சொல்வோம். தண்ணீர் வற்றும்போது அது பூ பூக்கும். பாசி பூக்காது. அது வெள்ளம் பாயும் பாறையில் மட்டும் வாழும் பூக்கும் தாவரக் குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் இனங்கள் பல உள்ளன.

பாசிகளைப் படிப்பது சென்னையில் ஒரு காலத்தில் பெரிய மரபாக இருந்தது. எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963) சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென ஒரு பரம்பரையையே உண்டாக்கினார். ஈர மண்ணில் வளரும் ஒரு பாசியை 1932-ல் விவரித்து, தன் லண்டன் ஆசிரியர் ஃபிரிட்ஷ் பெயரால் ஃபிரிட்ஷியெல்லா என்று அழைத்தவர் அவர். அவர் மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959-ல் எழுதிய நீலப்பச்சைப் பாசி நூலை இன்றும் உலகம் முழுக்கப் புரட்டுகிறார்கள். எங்கள் கல்லூரி நூலகத்தில் அதன் ஒரு பிரதி இருந்தது. என் பெயருக்கு முன்னால் எடுத்தவர் யார் என்று அட்டையைப் பார்த்தால், பல வருட இடைவெளி. ஊருக்கு ஊர் குடிநீர்ப் பஞ்சம் பேசுகிற நாட்டில் தண்ணீருக்குள் விளைவதைப் படிக்க ஆள் இல்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சலூட்டும் விஷயம்.

எங்கள் ஓடையில் மூன்று இடங்களில் அளந்தோம். மேலே, மரக்கூரைக்கு அடியில். நடுவே, தேயிலைக்குள் வெயில் விழும் இடத்தில். கீழே, லயத்துப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்த கல்லுக்குச் சற்றுத் தள்ளி. காட்டுக்குள் வெளிச்சம் வெளியில் இருப்பதில் நூற்றுக்குச் சில பங்குதான் தரைக்கு வரும். காற்றில் கிளை அசைகிறபோது வெயில் ஒரு கணம் கல்லைத் தொட்டுவிட்டுப் போகும். அங்கே கல்லைத் தேய்த்தால் பிரஷ்ஷில் ஒன்றுமே ஒட்டாதது போலிருக்கும். துவைக்கிற கல்லுக்குக் கீழேயோ முழ நீளப் பச்சை இழைகள் தண்ணீரோடு அலையும்.

அதன் காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை. எங்கள் மலை பழைய கடினப்பாறை. அதிலிருந்து கரைந்து வரும் சத்து சொற்பம். இப்படிப்பட்ட ஓடையில் பல நேரம் பாஸ்பரஸ் தட்டுப்பாடாக இருக்கும். பல சலவைத்தூள்களில் பாஸ்பேட் சேர்ப்பது வழக்கம். தோட்டம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் மழை ஓய்ந்ததும் உரம் போடுவார்கள். அதில் ஒரு பகுதி அடுத்த மழையோடு ஓடைக்கு வரும். மரம் வெட்டியதால் வெயில், சோப்பால் பாஸ்பரஸ். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் இழைப்பாசி தழைக்கும். அதைத் தின்ன அந்த ஓடையில் ஆள் குறைவு. டயட்டம் படலத்தை நக்கித் தின்னும் பூச்சி இளரிகளும் தலைப்பிரட்டைகளும் முழ நீள இழையை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அது வளர்ந்து, முதிர்ந்து, அழுகி, இரவில் தண்ணீரின் ஆக்சிஜனைக் குடித்துவிட்டுக் கீழே போகும். அப்படிப்பட்ட சத்து அணைக்குப் போய்ச் சேர்ந்து தேங்கினால் நீலப்பச்சைப் பாசிகளுக்கு விருந்து. அவற்றில் சில உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் குடிநீரில் மண் வாசனை வரும். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

அப்படியானால் மேலே இருக்கும் ஓடை வெறும் பாறையும் தண்ணீரும்தானா? எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஆய்வுலகம் கொஞ்ச காலம் அதற்கு நெருக்கமாகத்தான் பேசியது. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் பேர் புரூக் என்ற காட்டு ஓடையை ஃபிஷர், லைக்கன்ஸ் இருவரும் கணக்குப் பார்த்து 1973-ல் எழுதினார்கள். அந்த ஓடைக்குள் வரும் ஆற்றலில் 99 சதவீதத்துக்கும் மேல் காட்டிலிருந்து விழும் இலை, சுள்ளி, கரைந்து வரும் பொருள்கள் இவற்றால்தான் வருகிறது. ஓடை தனக்குத்தானே விளைவிப்பது ஏறக்குறைய இல்லை என்றார்கள். 1980-ல் வானோட் என்பவரும் மற்றவர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரையும், தலைப்பகுதி ஓடை காட்டின் தயவில் வாழ்கிறது, ஆறு அகலமாகி வெயில் பட்ட பிறகுதான் பாசியின் காலம் தொடங்குகிறது என்றது. படித்தபோது எனக்கு அது சரியாகவே பட்டது. மேட்டு ஓடை அடுத்தவர் போட்டதைத் தின்று பிழைக்கிறது. நான் வளர்ந்த வீட்டைப் பற்றியும் என் எண்ணம் அதுதான்.

இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டம் தள்ளாடி நின்றுபோன வருடங்களில் நான் கல்லூரியில் இருந்தேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் லயம் இன்னும் கொஞ்சம் இடிந்திருக்கும். அம்மா இளம்பெண்ணாக இருந்தபோது கூடையை மாட்டியவர். அத்தனை காலத்துக்குப் பிறகு அவர் பெயரில் என்ன இருந்தது? நிலம் இல்லை. வீடு தோட்டத்துடையது. நகை என்று சொல்ல ஒரு மூக்குத்தி. முதுகுவலி, விரல் நுனியில் கறுப்புக் கறை. இந்த மலையில் அம்மா வாழ்ந்த வாழ்க்கை ஒன்றுமில்லாமல் போயிற்று என்று நான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தே ஒருமுறை சொல்லவும் செய்தேன். அம்மா பதில் சொல்லவில்லை. கஞ்சிக்குத் துவையல் அரைக்கப் போய்விட்டார்.

மேடம் என் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “நீ அளந்திருப்பது இன்றைக்குக் கல்லில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று. எவ்வளவு விளைந்தது என்று அளந்தாயா?”

மிச்சம் வேறு, விளைச்சல் வேறு. விளைச்சலை அளக்க மூச்சைத்தான் பிடிக்க வேண்டும். பாசி படிந்த கல்லைத் தண்ணீரோடு தெளிவான மூடிய பெட்டியில் வைத்து, ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கிறோம். அதே கல்லைக் கறுப்புத் துணியால் மூடி, சுவாசத்தால் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறோம். இரண்டையும் கூட்டினால் மொத்த முதல்நிலை உற்பத்தி. ஆக்சிஜனை அளக்க நாங்கள் பயன்படுத்தியது 1888-ல் விங்க்லர் கண்டுபிடித்த ரசாயன முறை. மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டால் புட்டிக்குள் பழுப்பு வண்டல் இறங்கும். அமிலம் விட்டால் கரைந்து மஞ்சளாகும். ஸ்டார்ச் விட்டால் நீலம். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, நீலம் சட்டென்று மறைகிற இடத்தில் அளவு நிற்கும். மின் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து நீலம் மறைவதைப் பார்ப்பதில் இருக்கும் திருப்தி திரையில் எண் வருவதில் இல்லை. ஓடை முழுவதையும் ஒரே பெட்டியாக எடுத்துக்கொண்டு, பகலும் இரவும் ஆக்சிஜன் ஏறி இறங்குவதை வைத்துக் கணக்கிடும் வழியை ஓடம் என்ற ஆய்வாளர் 1956-ல் காட்டினார். ஆனால் அருவி அருவியாக விழும் மலை ஓடையில் காற்றிலிருந்தே ஏராளமாக ஆக்சிஜன் கலந்துவிடும். பாசி கொடுத்ததையும் காற்று கொடுத்ததையும் பிரிப்பது பெரும்பாடு. எங்களுக்குப் பெட்டிதான் கைகொடுத்தது.

அதோடு இன்னொரு வேலையும் செய்தோம். இடிந்த கூரைகளிலிருந்து விழுந்த சுட்ட மண் ஓட்டுத் துண்டுகளைக் கழுவி, ஓடைக்குள் கல்மேல் பதித்து வைத்தோம். பாதித் துண்டுகளைச் சுற்றி வாசலின் தடவினோம். ஊர்ந்து வரும் மேஃப்ளை இளரிகளும் கூடு சுமந்து நகரும் புழுக்களும் அந்தப் பிசுக்கைப் பெரும்பாலும் தாண்டாது. அந்த ஓடுகள் பெருமளவு மேய்ச்சலிலிருந்து தப்பும். மற்றவை திறந்த மேய்ச்சல்.

மேட்டு ஓடையில் மேய்வதற்கு அத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பதை இரவில் டார்ச்சோடு போன பிறகுதான் கண்டேன். கல்லுக்கு அடியில் தட்டையாக ஒட்டிக் கிடக்கும் இளரிகள் மேலே வந்து படலத்தைத் துடைத்தெடுத்துக்கொண்டிருந்தன. வாயால் கல்லைப் பற்றிக்கொண்டு சுரண்டும் சிறுமீன்கள். தண்ணீருக்கு வெளியே, நீர் கசிந்து நனைந்த செங்குத்துப் பாறையில் வாலை வளைத்து ஒட்டிக்கொண்டு தலைப்பிரட்டைகள் மேய்ந்துகொண்டிருந்தன. இந்திரானா என்ற தவளைப் பேரினத்தின் குஞ்சுகள் அவை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஓடைக்குள் இறங்காமல் பாறையின் ஈரத்திலேயே, பாசியைச் சுரண்டியே வளர்ந்துவிடும். சின்ன வயதில் அதே பாறையில் கால் வைத்து ஏறியிருக்கிறேன். பார்த்ததில்லை.

வாசலின் தடவிய ஓடுகளில் முதலில் பாசி வேகமாகத் தடித்தது. பிறகு மேலடுக்கு கீழடுக்குக்கு நிழலாயிற்று. அடியில் இருந்தது மஞ்சளித்து, பிடிப்பு விட்டு, ஒரு மழையில் பாளம் பாளமாக உரிந்து போயிற்று. மேய்ந்த ஓடுகளில் கண்ணுக்கு ஒன்றுமில்லை; விரலால் தொட்டால் மட்டும் ஒரு வழுவழுப்பு. பெட்டியில் வைத்தபோது தடித்த ஓடு மொத்தத்தில் சற்றுக் கூடுதலாகவே ஆக்சிஜன் கொடுத்தது. ஆனால் ஒரு மில்லிகிராம் பச்சையத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் மேய்ந்த ஓடு வெகுதூரம் முன்னால் நின்றது. அந்தப் படலத்தில் கிழடு இல்லை. எல்லாம் வெயில் பார்க்கிற இளசு. விளைய விளையத் தின்னப்படுவதால் கல் வெறுமையாகத் தெரிந்தது. விளைந்தது எல்லாம் மீனாகவும் தவளையாகவும் பூச்சியாகவும் ஆகி, சிறகு முளைத்துக் காட்டுக்குள் பறந்துகொண்டிருந்தது.

உலகக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. ஃபீல்டும் கூட்டாளிகளும் 1998-ல் போட்ட கணக்கின்படி, பூமியில் ஆண்டுதோறும் நடக்கும் முதல்நிலை உற்பத்தியில் பாதிக்குச் சற்றுக் குறைவு கடலில் நடக்கிறது. அதைச் செய்யும் மிதவைப் பாசிகளின் எடையோ, பூமியில் உள்ள தாவரங்களின் எடையில் ஒரு சதவீதம்கூட வராது. அவை பிறந்த சில நாட்களில் தின்னப்படுகின்றன, மறுபடி பிறக்கின்றன. அதனால்தான் குவிந்து கிடப்பதில்லை. ஓடைகளைப் பற்றிய பார்வையும் மாறிவிட்டது. ஹாங்காங், ஆஸ்திரேலியா போன்ற இடங்களின் வெப்பமண்டல ஓடைகளில் ஐசோடோப்பு கொண்டு, யார் உடம்பில் எந்த உணவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். இலைக்குப்பை மலையாகக் கிடந்தாலும் பல பூச்சிகள், மீன்கள் உடம்பைக் கட்டியது பெரும்பாலும் அந்த மெல்லிய பாசிப் படலத்திலிருந்து. உதிர்ந்த இலை நார்; டயட்டத்தில் கொழுப்பு இருக்கிறது, வளரும் உடம்புக்கு வேண்டிய ஒமேகா-3 இருக்கிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்க முயன்றேன். ஓட்டுத் துண்டு இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் தடித்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது கிள்ளாம விட்ட செடில்லா?”

கிள்ளாமல் விட்ட தேயிலை எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. தேயிலை இயல்பில் மரம். கவாத்து வெட்டி இடுப்புயரத்தில் நிறுத்தி, வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டே இருப்பதால்தான் அது செடி. கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். தோட்டம் நின்ற பிறகு போனக்காட்டுச் சரிவுகளில் தேயிலை ஆளுயரம் தாண்டி மரமாகிவிட்டது. பூத்துக் காய்த்துக் கொட்டுகிறது. பார்க்க எவ்வளவு செழிப்பு! கொழுந்து மட்டும் இல்லை. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போனால்தான் பேக்டரியில் ஒரு கிலோ தூள் வரும். தோட்டம் நடந்தபோது அந்தச் செடிகளின் மேல் எந்த நாளும் நாலு விரல் துளிருக்கு மேல் நின்றதில்லை. அங்கிருந்துதான் லாரி லாரியாகத் தேயிலை இறங்கியது. கிள்ளிய கையில் எதுவும் நிற்கவில்லை.

எனக்கு நெஞ்சு விம்மியது. அம்மாவின் வாழ்க்கையில் மிச்சத்தை மட்டும் பார்த்தேனே, விளைந்தது எத்தனை பேர் வயிற்றுக்குள் போயிருக்கும், நான் படித்த படிப்பே அதுதானே என்று உணர்ச்சியோடு சொல்ல ஆரம்பித்தேன். “யம்மா, நீ கிள்ளினது ஒண்ணும் வீணாப் போகல” என்றேன்.

அம்மா ஓட்டைக் கீழே வைத்தார்.

“அது எனக்குத் தெரியாதா? வீணாப் போச்சுன்னு நீதான் சொன்னே. நான் கேக்கது வேற. அடி எலையத் தொடக்கூடாதுன்னு கங்காணி கத்துவாரு, ஞாபகம் இருக்கா? மேல கிள்ளு, அடியில விடு. அடியில விட்டாத்தான் செடி பொழைக்கும். எங்களுக்கு அடியில என்ன விட்டாங்க?”

மேடம் அன்று அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ஏனென்றால் அம்மா சொன்னது எங்கள் அளவீட்டில் விட்டுப்போன பகுதி. மேய்ச்சல் ஓரளவுக்கு உற்பத்தியைக் கூட்டும். எல்லை தாண்டினால் குறைக்கும். ஆனால் அது கூடப் பெரிதல்ல. மலை ஓடைக்குப் பெரிய சோதனை வெள்ளம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. அகத்தியமலையின் இந்தப் பக்கத்துக்கு இரண்டும் உண்டு. தண்ணீர் கலங்கிப் புரளும்போது கல்லோடு கல் உருண்டு மோதும். ஒரே இரவில் படலம் துடைத்துப் போய்விடும். டிசம்பர் தாண்டித் தண்ணீர் தெளிந்ததும் பாசி மறுபடி வரும். பாறையில் பிளவு, குழி, சொரசொரப்பு இருந்து அதில் ஒரு துளிப் படலம் தப்பியிருந்தால், அங்கிருந்து விறுவிறுவென்று பரவும். மழமழப்பான கல்லில் எதுவும் தப்பாது; மேலிருந்து மிதந்து வரும் உயிரணுக்கள் ஒட்டிப் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் நாங்கள் கற்களின் சொரசொரப்பைக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தோம். எந்தக் கல் முதலில் மீண்டது என்பதை அது அழகாகச் சொன்னது. இடுக்கில் இருந்த மிச்சம் மிகச் சிறியது. உற்பத்திக் கணக்கில் அது வரவே வராது. வெள்ளத்துக்குப் பிறகு எல்லாம் அதிலிருந்துதான்.

விளைச்சல் பெரிது, மிச்சம் சிறிது என்று கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நான் அம்மாவுக்கு ஓர் ஆறுதல் தயாரித்து வைத்திருந்தேன். அந்த ஆறுதல் தோட்ட முதலாளிக்குத்தான் வசதியானது என்பதை அம்மா சில வாக்கியங்களில் காட்டிவிட்டார். உழைப்பைப் புகழ்ந்துவிட்டு இருப்பைக் கொடுக்காமல் போவது எந்தக் காலத்திலும் எளிது. தோட்டம் நின்றது எங்களுக்கு வெள்ளம். இடுக்கில் ஒன்றும் விட்டுவைக்காத குடும்பங்கள் அடித்துக்கொண்டு போயின. விதுரைக்கு, நெடுமங்காட்டுக்கு, கட்டட வேலைக்கு, வீட்டு வேலைக்கு. ஊரில் யாருக்காவது ஒரு துண்டு நிலமோ, கறவை மாடோ, கையில் பிடித்துவைத்த கொஞ்சம் பணமோ இருந்த வீடுகள் மெதுவாக எழுந்து நின்றன. எங்கள் வீட்டில் எழுந்து நின்றது என் சம்பளம். அதற்கு முன் அம்மா ஆடு வளர்த்து என் தேர்வுக் கட்டணம் கட்டியிருக்கிறார். அதுதான் எங்கள் பிளவு, எங்கள் சொரசொரப்பு.

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். முதலாண்டு மாணவர்களுக்கு முதல்நிலை உற்பத்தி நடத்தும்போது ஓட்டுத் துண்டு இரண்டைக் காட்டுவேன். எது நிறைய விளைந்தது என்று கேட்டால் எல்லா வருடமும் எல்லாக் கையும் தடித்த ஓட்டையே காட்டும். விளக்கிய பிறகு, மூன்றாவதாக ஒரு துண்டை எடுத்து, பிளவுக்குள் இருக்கும் பழுப்புப் படலத்தைக் காட்டாமல் பாடத்தை முடிப்பதில்லை. பாடநூலில் அது இல்லை. தேர்வுக்கும் வராது.

போனக்காட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அகத்தியர்கூட நடை வழக்கமாக அனுமதிக்கப்படும், ஜனவரியில் தொடங்கும் காலமும், ஓடையில் டயட்டம் படலம் உச்சத்தில் இருக்கும் காலமும் ஒன்றே. தண்ணீர் குறைவு, தெளிவு, போட்ட சோப்பு கரைந்து விலகாமல் நிற்கும் காலமும் அதுவே. குளிக்க வேண்டுமானால் முங்கி எழுந்திருங்கள்; சோப்பையும் ஷாம்புவையும் பையிலேயே வைத்திருங்கள். கல்லைப் புரட்டிப் போட்டுப் படம் பிடிக்காதீர்கள். புரட்டிய கல்லின் மேய்ச்சலும் மேய்கிறதும் அன்றோடு முடிந்தது. வழுக்குகிறது என்று ஓடையைத் திட்டாதீர்கள். வழுக்காத கல் உள்ள ஓடையில் மீன் இருக்காது.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். அவர் ஓய்வு பெற்றபோது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் கூலி, சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் தொழிலாளியின் கைக்கு வந்துவிட வேண்டும். அம்மாவுக்கு அது இன்னும் வரவில்லை.